பஸ்மியா எழுதிய ஒரு வரி

பஸ்மியா என்ன வேலை செய்கிறாள் என்று எங்கள் ஊர் கிண்ணியாவில் சரியாகத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான்: அவளுடைய கணவர் ஹஸ்மி, உம்மா ஜெமீலா, பிறகு நான். மற்ற எல்லாருக்கும் அது ‘கொம்பியூட்டர் வேலை’. கொழும்பில் உள்ள ஒரு கொம்பனிக்கு வீட்டில் இருந்தபடியே செய்கிறாள், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அவ்வளவுதான்.

நானும் அவளும் உயர்தரத்தில் ஒரே வகுப்பில் கணிதம் படித்தவர்கள். நான் இங்கேயே ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் புள்ளிவிபரவியல் படித்தாள். கடைசி வருடத்தில் பைதன் என்ற கணினி மொழியைத் தானாகவே பழகி, அதை வைத்து அந்தக் கொழும்புக் கொம்பனியில் சேர்ந்தாள். கலியாணம் முடித்து ஊருக்குத் திரும்பியபோது வேலையையும் லப்டொப்பில் கொண்டு வந்துவிட்டாள். ஹஸ்மி இறங்குதுறைக்குப் பக்கத்தில் வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். கையில் எப்போதும் கிறீஸ் இருக்கும். அதிகம் கதைக்க மாட்டார்.

வேலை இதுதான். ஐரோப்பாவில் சின்னச் சின்ன நகரசபைகள், ஆஸ்பத்திரிகள், முதியோர் இல்லங்கள் கடன் எடுத்திருக்கும். வட்டி வீதம் ஏறினாலும் இறங்கினாலும் அடிபடாமல் இருக்க, அவை வங்கிகளோடு தனியாக வேறு ஒப்பந்தங்களும் செய்திருக்கும். அப்படிப்பட்ட ஒப்பந்தம் ஒன்றுக்கு இன்றைய பெறுமதி எவ்வளவு என்று அந்த இடங்களில் இருக்கிற யாருக்கும் கணக்குப் பார்க்கத் தெரியாது. அவர்கள் ஓர் ஆலோசனை நிறுவனத்தைக் கேட்பார்கள். அந்த நிறுவனம் வேலையைக் கொழும்புக்கு அனுப்பும். கொழும்பு அதைக் கிண்ணியாவுக்கு அனுப்பும். பஸ்மியா கணினி நிரலை ஓடவிட்டு, வருகிற எண்ணைப் பார்த்து, அறிக்கை எழுதுவாள்.

அவள் சேர்ந்த காலத்தில் ஐரோப்பாவில் வட்டி பூச்சியத்துக்குக் கீழே போயிருந்தது. இதைக் கேட்டு ஜெமீலா உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

“காசு வைக்கிறவன்தான் மேல காசும் குடுக்கணுமா?”

“ஓம் உம்மா. பெரிய வங்கிகளுக்கிடையில இப்ப அப்பிடித்தான்.”

“அப்ப அது வட்டி இல்லையே.”

“அதுவும் வட்டிதான். மறை வட்டி.”

“நேரா இருந்தாலும் மறையா இருந்தாலும் வட்டி எங்களுக்கு ஆகாது மகள்,” என்று சொல்லிவிட்டுத் திரும்ப மீனைக் கழுவத் தொடங்கினார்.

அந்தச் சொல் பஸ்மியாவுக்குள் இருந்துகொண்டே இருந்தது. வேலையை விடவும் இல்லை. ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “நான் வட்டி எடுக்கவுமில்லை, குடுக்கவுமில்லை அசனா. சந்தையில தராசு சரியா எண்டு பாக்க வாற ஆள் மாதிரி. விக்கிறவனுக்கும் வாங்குறவனுக்கும் நடுவில நிண்டு, நிறை சரியா எண்டு மட்டும் பாக்கிறன்.” அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த சமாதானம் அது ஒன்றுதான். நான் அதை மறுக்கவில்லை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

2017இல், சேர்ந்து மூன்றாவது கிழமை, நிரல் நடுவில் நின்றுபோனது. பழைய சூத்திரம் ஒன்றில் அது சிக்கியிருந்தது. வருங்கால வட்டி வீதத்தை ஒப்பந்தத்தில் உள்ள எல்லை வீதத்தால் வகுத்து, அந்த விகிதத்துக்கு மடக்கை எடுக்கிற சூத்திரம் அது. மறை எண்ணுக்கு மடக்கை கிடையாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். சூத்திரத்தை எழுதியவர்கள் வட்டி ஒருநாள் பூச்சியத்துக்குக் கீழே போகும் என்று நினைத்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு அறிக்கைகள் போயாக வேண்டும். கொழும்பில் அவளுக்கு மேலே இருந்தவர் கிருஷாந்த், அவளைவிட நாலைந்து வயது கூடியவர், நல்ல மனுசன். “இப்போதைக்கு ஏதாவது போட்டு ஓட விடுங்கோ பஸ்மியா, பிறகு ஆறுதலா மாத்துவம்,” என்றார். அவள் ஒரு வரி எழுதினாள். வீதமோ எல்லையோ பூச்சியமாகவோ அதற்குக் கீழேயோ இருந்தால், அதை 0.0001 என்று எடுத்துக்கொள். நிரல் ஓடியது. அறிக்கைகள் நேரத்துக்குப் போயின. கிருஷாந்த் நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார்.

அப்போது அந்த வரியால் கெடுதல் ஒன்றும் வரவில்லை. அவர்களிடம் இருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் வட்டி இரண்டு, மூன்று வீதத்துக்கு மேலே ஏறினால் ஈடு கொடுப்பவை. வீதம் பூச்சியத்துக்குக் கொஞ்சம் மேலே என்றாலும் கொஞ்சம் கீழே என்றாலும் அவற்றின் பெறுமதி கிட்டத்தட்ட ஒன்றுமில்லைதான். ஆகவே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்மியாவும் மறந்துபோனாள்.

2021 தை மாதம் ஒரு முதியோர் இல்லத்தின் கோப்பு வந்தது. ஒல்லாந்தில் எங்கோ ஒரு சின்ன ஊர். இல்லம் தன் கட்டடம் ஒன்றை விற்று, இரண்டு கோடி யூரோக் கடனை அடைக்கப்போகிறது. கடனோடு சேர்ந்த ஒப்பந்தங்களையும் வங்கியோடு பேசி முடிக்க வேண்டும். அவற்றுள் ஒன்று மற்றவற்றைப்போல இல்லை. ‘ப்ளோர்’ என்பார்கள். வட்டி பூச்சியத்துக்குக் கீழே போனால் இல்லத்துக்கு ஈடு கொடுக்கிற ஒப்பந்தம். இடையில் முடித்தால் மிச்சப் பெறுமதியை வங்கி இல்லத்துக்குக் கட்ட வேண்டும். பஸ்மியா நிரலை ஓடவிட்டாள். ப்ளோரின் பெறுமதி 2,691 யூரோ என்று வந்தது. அறிக்கை வியாழக்கிழமை போனது.

திங்கட்கிழமை மத்தியானம், பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, அந்த எண் அவளுக்கு உறுத்தியது. வட்டி பூச்சியத்துக்கு அரை வீதம் கீழே இருக்கிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு வருடம். இரண்டு கோடிக்கு அரை வீதம் என்றால் வருடத்துக்கு ஒரு லட்சம். சூத்திரமே வேண்டாம், விரல்விட்டே எண்ணலாம். நாலு லட்சத்துக்குக் கிட்ட வர வேண்டியது எப்படி இரண்டாயிரத்து அறுநூறு ஆனது? சோற்றுக் கையோடு எழும்பிப் போய் லப்டொப்பைத் திறந்தாள். நிரலில் மேலிருந்து கீழே வந்தவள் அந்த வரியில் நின்றாள். எந்த வரியை யார் எப்போது எழுதியது என்று நிரலின் பதிவில் பார்க்கலாம். பஸ்மியா, 2017.

பிறகு செய்ய வேண்டியது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மறை வட்டிக்கென்று வேறொரு முறை இருக்கிறது. அது இரண்டு வீதங்களில் ஒன்றை மற்றதால் வகுப்பதில்லை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. ஒன்று மற்றதைவிட எத்தனை மடங்கு என்று கேட்காமல், எவ்வளவு தூரம் என்று கேட்கிறது. தூரம் மறையாக இருந்தாலும் கணக்கு உடையாது. இருபது வரிகூட இல்லை. ஒரு மணித்தியாலத்தில் எழுதி ஓடவிட்டாள். மூன்று லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம்.

கிருஷாந்துக்குப் போன் எடுத்தாள்.

“பஸ்மியா, அந்த அறிக்கை போயிட்டுது,” என்றார் அவர்.

“தெரியும். அதுதான் எடுத்தனான். பிழை என்ர. வரியும் நான் எழுதினது. இப்பவே அவங்களுக்குச் சொன்னா நிப்பாட்டலாம்.”

“நாங்கள் நேர சொல்ல ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே. எழுதித் தாங்கோ. நான் மேல அனுப்புறன்.”

அவள் ஒரே பக்கத்தில் எழுதினாள். பழைய எண், புதிய எண், காரணம், தன் பெயர். கிருஷாந்த் அன்றே மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் இரண்டு நாள் யோசித்து ஆலோசனை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். பிறகு மறுமொழி இல்லை. பஸ்மியா ஒவ்வொரு நாளும் ஐரோப்பா விழிக்கிற நேரம் பார்த்து, மத்தியானம் ஒன்றரைக்கு அஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பாள்.

மூன்று கிழமை கழித்து மறுமொழி வந்தது. மரியாதையான கடிதம். பெறுமதி கணிப்பு, இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட முறை ஆவணத்தின்படியே செய்யப்பட்டுள்ளது. முறையில் மாற்றம் வேண்டுமானால் வருடாந்த மீளாய்வில் எடுத்துக்கொள்ளலாம். முறை ஆவணத்தையும் கூடவே இணைத்திருந்தார்கள். பதினோராம் பக்கத்தில், அழகான ஆங்கிலத்தில், அவளுடைய வரி இருந்தது. வீதம் பூச்சியத்துக்குக் கீழ் இருக்கும் இடத்தில் 0.0001 என்று எடுத்துக்கொள்ளப்படும். யாரோ நிரலைப் பார்த்து ஆவணம் எழுதியிருக்கிறார்கள். அவசரத்தில் அவள் போட்ட ஒட்டு, மூன்று பேர் கையொப்பமிட்ட முறையாகிவிட்டது.

“அப்ப இது பிழை இல்லையாம்,” என்று என்னிடம் சொன்னாள். “பிழைக்குச் சொந்தக்காரி நானே வந்து சொல்றன், பிழை எண்டு. அவங்கள் சொல்றாங்கள், இல்லையாம்.”

கோப்புகளில் வாடிக்கையாளரின் பெயர் இருக்காது, ஓர் இலக்கம்தான் இருக்கும். ஆனால் இந்தக் கோப்பில் யாரோ கவனமில்லாமல் ஒரு கடிதத்தையும் சேர்த்து விட்டிருந்தார்கள். அதன் தலைப்பில் இல்லத்தின் பெயர் இருந்தது. அவள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். வாய்க்கால் ஒன்றின் பக்கத்தில் செங்கல் கட்டடம். முற்றத்தில் வாங்குகள். அவற்றில் வெள்ளைத் தலை மனிதர்கள் மடியில் போர்வையோடு வெயிலுக்கு முகம் காட்டிக்கொண்டு இருந்தார்கள். கீழே தொலைபேசி இலக்கம்.

வாடிக்கையாளரை நேரடியாகத் தொடர்புகொண்டால் வேலை போகும் என்று அவளுடைய வேலை ஒப்பந்தத்தில் இருக்கிறது. வழக்கும் வரலாம். இரண்டு நாள் அவள் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் எடுக்கச் சொன்னேன். கொரோனாவால் பாடசாலை பூட்டியிருந்த காலம். நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். ஹஸ்மியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

“மச்சான், எடுக்கட்டா?” என்று அவரைக் கேட்டாள்.

“எடு. வேலை போனாப் போகுது.”

என்ன சொல்வது என்று ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். இரண்டரை மணிக்கு எடுத்தோம். முதலில் ஒரு பெண் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு கணக்குப் பகுதிக்கு இணைத்தாள். அங்கே வந்தது வயதான, நிதானமான ஒரு பெண்ணின் குரல். ஆங்கிலம் நன்றாகவே தெரிந்திருந்தது.

பஸ்மியா தாளைப் பார்த்து வாசித்தாள். உங்கள் ஒப்பந்தத்தின் பெறுமதி பிழையாகக் கணிக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் கிட்டத்தட்ட நாலு லட்சம் யூரோவை இழக்கப்போகிறீர்கள் அல்லது இழந்துவிட்டீர்கள்.

“நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“இலங்கையிலிருந்து.”

“எந்த நிறுவனம்?”

பஸ்மியாவால் அதைச் சொல்ல முடியவில்லை. “அதை நான் சொல்ல ஏலாது,” என்றாள். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது.

“எங்கள் வங்கி விபரம் எதையும் தொலைபேசியில் தருவதில்லை.”

“எனக்கு விபரம் ஒன்றும் தேவையில்லை. உங்கள் ஆலோசகரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள். ப்ளோரின் பெறுமதியை எந்த முறையில் கணித்தீர்கள் என்று...”

“அம்மணி,” என்றார் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை. “போன மாதம் எங்கள் இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு இப்படித்தான் ஒரு அழைப்பு வந்தது. அவருக்கு எண்பத்தெட்டு வயது. சேமித்து வைத்ததெல்லாம் போய்விட்டது. தயவுசெய்து இனி இங்கே எடுக்க வேண்டாம்.”

வைத்துவிட்டார்.

பஸ்மியா தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். ஹஸ்மி எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பெண் செய்தது சரி. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

உம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வெளியே வந்து, “தராசுல பிழையா நிறுத்துட்டா, ஆளிட்டப் போய்ச் சொல்லித்தான் தீர்க்கணும் மகள்,” என்றார்.

“போனன் உம்மா. நம்புறாங்கள் இல்லை.”

“இன்னொருக்காப் போ.”

“எங்க போறது?”

உம்மா சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவள் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். புதிய முறையை முழுசாக எழுதி, சோதித்து, மாற்றத்துக்கான கோரிக்கையாக முறைப்படி போட்டாள். அது ‘மீளாய்வுக்காகக் காத்திருக்கிறது’ என்ற பட்டியலில் போய் இருந்தது. சித்திரை போனது, ஆடி போனது. மூன்று மாதத்துக்கு ஒருதரம் வேறு வாடிக்கையாளர்களின் அறிக்கைகளை அவள் பழைய முறையிலேயே அனுப்ப வேண்டியிருந்தது. அவற்றில் இன்னும் இரண்டு ப்ளோர்கள் இருந்தன. ஒவ்வொரு தடவையும் அறிக்கையின் அடியில் ஒரு குறிப்பு எழுதுவாள். அது வாடிக்கையாளருக்குப் போக முதல், நடுவில் யாரோ அந்தக் குறிப்பை எடுத்துவிடுவார்கள். அனுப்பப்பட்ட பிரதியில் அது இருக்காது.

ஒருநாள் அந்த இல்லம் இழந்ததை இலங்கைக் காசில் பார்த்தாளாம். ஒன்பது கோடிக்கு மேலே வந்தது. “எனக்கு இருநூறு வருசம் ஆயுள் இருந்தாலும் கட்ட ஏலாது,” என்றாள். நான் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

2022இல் எங்களுக்கே எல்லாம் கவிழ்ந்துபோனது. ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. ஓடாத இயந்திரத்துக்குத் திருத்த வேலையும் இல்லை என்று ஹஸ்மி கடையைப் பாதி நாள் பூட்டி வைத்தார். வீடு பஸ்மியாவின் சம்பளத்தில் ஓடியது. வேலையை விடுவதைப் பற்றி இடையிடையே கதைத்தவள், அதற்குப் பிறகு கதைக்கவே இல்லை. கரண்ட் இருக்கிற நேரத்துக்கு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கும் தன் வீட்டுக்குமாக நடந்தாள். இங்கே வங்கிகளில் வட்டி இருபத்தைந்து, முப்பது என்று ஏறிக்கொண்டிருந்தது. அவள் திரையில் இன்னும் பூச்சியத்துக்குக் கீழே இருந்தது.

பிறகு அங்கேயும் ஏறத் தொடங்கியது. ஆனி மாதம், எங்கள் வீட்டு மேசையில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தவள், “அசனா, மேல வந்திட்டுது,” என்றாள். ஐரோப்பாவின் ஆறு மாத வட்டி வீதம் பூச்சியத்தைத் தாண்டியிருந்தது. அவளுடைய வரிக்கு இனி வேலை இல்லை. மறை எண் வந்தால்தானே அது குறுக்கே பாயும். இனி எல்லா அறிக்கையும் சரியாகவே போகும். எந்த முறையில் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. எப்போதாவது யாராவது சோதித்துப் பார்க்க வந்தாலும் எண்கள் பொருந்தும், பிழை கண்ணில் படாது.

அடுத்த மாதம் அவளுடைய கோரிக்கையை மூடிவிட்டார்கள். காரணம் என்ற இடத்தில் ‘தற்போதைய சந்தை நிலையில் அவசியமில்லை’ என்று இருந்தது. கிருஷாந்த் அந்த நேரம் அவுஸ்திரேலியாவுக்குப் போகிற ஆயத்தத்தில் இருந்தார். போக முதல் அவளுக்கு எடுத்து, “என்னால ஏலுமானதைச் செய்தன் பஸ்மியா,” என்றார். அவள் ஓம் என்றாள். அது உண்மையும்தான். மேலே அனுப்பச் சொன்னதை எல்லாம் அவர் அனுப்பியிருந்தார்.

அந்த இல்லத்தின் பக்கத்தை அவள் ஒருதரம் திரும்பவும் திறந்து பார்த்தாள். பழைய பெயர் இல்லை. ஏதோ பெரிய அமைப்பு ஒன்று அதை எடுத்து நடத்துகிறது. வாய்க்கால் பக்கத்துக் கட்டடத்தின் படத்தைக் காணவில்லை. அது விற்கப்போவதாக முதலே சொன்ன கட்டடமா, காசு முடைப்பட்டுப் பிறகு விற்றதா, அவளுக்குத் தெரியாது. அந்த நாலு லட்சம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரியாது. அங்கே யாரையும் கேட்க முடியாது. இங்கே கேட்கவும் யாரும் இல்லை.

இப்போதும் அதே வேலைதான். சம்பளம் கூடியிருக்கிறது. அவளுக்குக் கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள். அரசாங்க ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கப் பார்த்தாள், வயதெல்லை தாண்டியிருந்தது. நிரலில் அந்த வரி அதே இடத்தில் இருக்கிறது. எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. புதிதாக வந்த பெண் ஒருத்தி அது ஏன் இருக்கிறது என்று கேட்டபோது, பஸ்மியா கதை முழுவதையும் சொன்னாளாம். அந்தப் பெண் கேட்டுவிட்டு, “அப்ப இப்ப பிரச்சினை இல்லைதானே?” என்றாளாம்.

ஒவ்வொரு மார்கழியும் கொம்பனி ஒரு படிவம் அனுப்பும். ‘என் பொறுப்பில் உள்ள நிரல்களில் நான் அறிந்த பிழை எதுவும் இல்லை’ என்று கையொப்பமிட வேண்டும். கையொப்பமிடாமல் அடுத்த வருடத்துக்கான ஒப்பந்தம் வராது. பஸ்மியா கையொப்பமிடுகிறாள். குறிப்புகளுக்கு விட்டிருக்கிற சின்னப் பெட்டியில் ஒவ்வொரு வருடமும் ஒரே வசனத்தை எழுதுகிறாள்: ஒன்று இருக்கிறது, நான் எழுதியது, வரி இலக்கம் இன்னது. போன மார்கழி நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் அனுப்பினாள். ஒரு நிமிடத்துக்குள் தானியங்கி மறுமொழி வந்தது. அவளுடைய ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள்.